மூன்று கூட்டல் குறி

துரோலாக் கிளினிக்கின் பின்னறையில்
ஏர்கான் பழுதாகி இன்றோடு பதினொரு நாள்.
கண்ணாடிச் சில்லில் நாகவல்லியின் சீழைத் தடவி
நெருப்பில் மூன்று முறை காட்டி
ஊதா ஊற்றிக் கழுவி, சிவப்பு ஊற்றிக் கழுவி
எண்ணெய் ஒரு துளி விட்டுக் குனிகிறேன்.

அவள் வெளியே பெஞ்சில்.
இடது குதிகாலில் செம்பனை முள்,
எட்டு நாளாய்.
பாதியைக் கிராணி மனைவியின் ஊக்கு எடுத்தது.
மீதி முள்ளோடு
ஒருச்சாய்ந்து ஒருச்சாய்ந்து
உதிரிப்பழம் பொறுக்கியிருக்கிறாள்,
சாக்குக்கு இத்தனை வெள்ளி என்று.

லென்சில் முதலில் இளஞ்சிவப்பு மணல்வெளி.
அப்புறம்தான் அவை தெரியும்:
மூன்று மடலாய்ப் பிளந்த கரு,
பிதுங்கிய விளிம்பு,
வயிற்றுக்குள் ஊதா மணிகள் கொத்துக் கொத்தாய்.
தின்றுகொண்டிருக்கும்போதே
என் நெருப்பு நிறுத்திவிட்டது இவற்றை.
பந்தியில், வாய் நிறையச் சோறோடு
பிடித்துவிட்ட கல்யாணப் படம் மாதிரி.

வாய் என்றா சொன்னேன்?
வாய் கிடையாது.
உடம்பே கையாக நீளும். கை சுற்றி வளைக்கும்.
வளைத்த கையின் இரு நுனியும் ஒட்டிக்கொண்டால்
அதுதான் வயிறு.
தழுவலுக்கும் விழுங்கலுக்கும் நடுவே
கோடு எங்கே என்று
பதினாறு வருஷமாய்த் தேடுகிறேன்.

பயிற்சிக் கல்லூரியில் போர் என்று சொல்லித் தந்தார்கள்.
படை, எல்லை, எதிரி.
பார்க்கப் பார்க்க எனக்கு அப்படித் தோன்றவில்லை.
கிருமியின் மேல் ரத்தம் எதையோ பூசி வைக்கிறது,
பொரித்த மீனில் சம்பல் பூசுகிற மாதிரி.
அந்த ருசி பட்டதும் இவை வந்துவிடுகின்றன.
பிறகு, மூடிய அந்தச் சிறு பைக்குள்
வேறு பைகள் முட்டி, உடைந்து, கொட்டி,
சாதாரண உப்பிலிருந்து
குளோரின் காய்ச்சப்படுகிறது.
ஆமாம், குளோரின்தான்.
காலையில் காக் ரொஸ்னா
வாசல் மொசைக்கில் ஊற்றித் தேய்ப்பாளே,
பாஜு வெளுத்துப்போகும், கண் கரிக்கும்.
அதைத் தன் வயிற்றுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டு
ஓரிரு நாளில் தானும் செத்துப்போகிற ஒன்றை
வீரன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சீழின் பச்சை கிருமியின் பச்சை இல்லை.
குளோரின் காய்ச்சும் நொதியின் பச்சை.
கட்டை அவிழ்த்தபோது நாகவல்லி
"மன்னிச்சிரும்மா, நாத்தம்" என்றாள்.
அப்போதே சொல்லியிருக்கலாம்.

சர்க்கரை பதினெட்டு.
பாகில் கால் வைத்தவை போல
இவை பிந்தி வந்திருக்கின்றன.
படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை,
ஒரே ஒரு கட்டம்.
சீழ் செல்கள்: + + +

விதியில் இல்லாத காரியம்,
உள்ளே கூப்பிட்டேன்.
நொண்டி வந்து, ஒரு கண்ணை இறுக்கி மூடி
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இந்த ஊதாவா கிருமி?"
ஆமா.
"சுத்தி இருக்கறது?"
நீங்கதான்.
அதைக் காதில் வாங்கினாளா தெரியவில்லை.
அவள் கண் தரையைத் தேடிப் பழகிய கண்.
செல்லுக்கு வெளியே, சில்லின் ஓரம் வரை
சிதறிக் கிடந்த மணிகளைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, பாதி கீழயே கெடக்கு?
மண்டோர் பாத்தா
சம்பளத்துல பிடிச்சிருவானே."

ஸ்லிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேன்
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.
செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பெஞ்சுக்கு அடியில் நாலைந்து சொட்டு.
காக் ரொஸ்னா சாப்பிடப் போயிருந்தாள்.
பாட்டிலைத் திறந்து ஊற்றி
நானே துடைத்தேன்.